மரத்தூள் போட்ட கியர் பெட்டி

என் கணவர் அந்த வண்டியை வாங்கியபோது, அது ஓடுவதற்கு எங்கள் பிரெஞ்சு வட்டாரமான பாகூர் கொம்யூனில் எங்கே சாலை இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "உனுக்கு இன்னா தெரியும்? வண்டி வந்தா ரோடு தானா வரும்" என்றார். வண்டி வந்தது. ரோடு இருந்த இடத்திலேயே, இருந்த பள்ளங்களோடு இருந்தது.

பந்தய வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். நீல நிறம், நீண்ட மூக்கு, படகு முனைபோலக் கூர்மையான வால். உத்தியோகம் முடிந்து கப்பலேறக் காத்திருந்த ஒரு பிரெஞ்சுத் துரையிடம் புதுச்சேரியில் வாங்கினார். எங்களுக்குச் செலியமேட்டில் நெல்லும் கரும்புமாக நிலம் இருந்தது. அறுவடைக்கு வண்டி வேண்டுமென்றால் மாட்டு வண்டிகள் இருந்தன. உறவினர் வீட்டுக்குப் போக வில்வண்டி இருந்தது. இந்த நீல வண்டியில் ஒரு மூட்டை விதைநெல்லைக்கூட ஏற்ற முடியாது. என்னை ஏற்றலாம். ஒரே ஒருமுறை ஏற்றினார். இறங்கியபோது முடியைத் தேடிக் கொண்டையாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

அது பிரெஞ்சு எல்லைக்குள் மட்டும் ஓடலாம் என்பது இன்னொரு கூத்து. தெற்கே கொஞ்ச தூரம் போனால் பிரிட்டிஷ்காரனின் சுங்கச் சாவடி. தீர்வை கட்டாமல் தாண்ட முடியாது. ஆகவே என் கணவர் வேகமாகக் கிளம்புவார், சாவடி தெரிந்ததும் நிறுத்துவார், திருப்புவார், வேகமாகத் திரும்பி வருவார். அந்த வண்டிக்கு முன்னே போக மூன்று கியர். மூன்றாவது நீண்ட சாலைக்கு. அதைப் போடும் அளவுக்கு எங்கள் தேசம் நீளவில்லை.

வண்டி வந்த முதல் நாள் அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

"சத்தமே கெடையாது, பாத்தியா? பால் கறக்கிற சத்தம் இதவிட அதிகம்."

நான் கடலூரில் அரிசி மில்லுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவள். மில் என் அப்பாவுடையது. எஞ்சின், பெல்ட்டு, பல்சக்கரம் எல்லாம் ஓடுகிற சத்தத்தில்தான் நான் எழுத்துப் படித்தேன். ஓடுகிற இரும்பு கொஞ்சமாவது பேசும். ஒன்றுமே பேசாத இரும்பு எனக்கு நல்லதாகப் படவில்லை. அதைச் சொன்னேன்.

"உங்கப்பா வச்சிருக்கிறது இங்கிலீஷ்காரன் எஞ்சினு. அது அப்பிடித்தான் கத்தும். இது பிரெஞ்சு வண்டி" என்றார்.

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. பிரெஞ்சுக்காரர் வீட்டு நாய் குரைத்தாலும் அதில் இலக்கணம் இருக்கும் என்று நம்பியவர்.

வண்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் பிடித்தார். பெரிய சண்டையின்போது பிரான்சுக்குப் போய்த் திரும்பி, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். இவரையும் ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. அங்கே லாரிப் படையில் இருந்ததாகச் சொல்வார். லாரியை ஓட்டினாரா, ரிப்பேர் பார்த்தாரா, மேலே ஏறி உட்கார்ந்து போனாரா என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கோடையிலும் பூட்ஸ் போட்டிருப்பார். வண்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அதோடு பிரெஞ்சில் பேசுவார். என் கணவர் பக்கத்தில் நின்று பக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்து வண்டியில் கியர் மாற்றுவது இப்போதுபோல எளிதல்ல. பெட்டிக்குள் பல்சக்கரங்கள் நகர்ந்து வந்து ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றினால்தான் கோர்க்கும். இல்லாவிட்டால் பல்லும் பல்லும் மோதும். கிளட்சை மிதித்து, கியரை நடுவில் விட்டு, காலை எடுத்து, மறுபடி மிதித்து, அதன்பிறகுதான் அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். என் அப்பா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அதில் ஏறிப் பாகூர் வரை போய்வந்தார். இறங்கியதும் மருமகனிடம் இதைத்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மருமகன் பெரியவர் பேச்சைக் கேட்கும் முகத்தோடு கேட்டார். அப்பா கடலூருக்குத் திரும்பியதும் சொல்தாவைக் கூப்பிட்டு, "மாமா இன்னாமோ ரெண்டு தடவ மிதிக்கணுன்றாரே?" என்றார்.

"ரெண்டு தடவயா?" சொல்தா சிரித்தார். "அது பயந்தவன் ஓட்டுற மொற ஐயா. கை அழுத்தமா இருக்கணும். பொம்பள கையாட்டம் புடிச்சா கியரு மதிக்காது."

அன்று முதல் என் கணவர் கியரைத் தன் அதிகாரத்துக்குப் பணியவைத்தார். மதகுப் பலகையை இழுப்பதுபோல் இழுப்பார். அது கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போகும். போனதும் ஜெயித்துவிட்டதாகச் சுற்றிலும் பார்ப்பார்.

சில மாதங்களில் பால் கறக்கிற சத்தம் போய்விட்டது. இரண்டாவது கியரில் வண்டி முனகத் தொடங்கியது. பிறகு முதல் கியரிலும். சொல்தா பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தைக் காலி செய்து, மாடுகளை வெயிலில் கட்டிவிட்டு, வண்டியை உள்ளே நிறுத்தினார்கள். தரைப்பலகையைக் கழற்றி, பெட்டியின் மூடியைக் கழற்றினார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். கொட்டகை என் பொறுப்பில் இருந்த இடம். யாரும் தடுக்க முடியாது. பெட்டிக்குள் எண்ணெய் இல்லை. எண்ணெயில் பிசைந்த கறுப்புச் சேறு போல ஒன்று சக்கரங்களுக்கு நடுவே அப்பிக்கொண்டிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தேன். நார் நாராக உதிர்ந்தது. எங்கள் மில்லில் தரையில் எண்ணெய் கொட்டினால் அதன்மேல் போட்டு ஊறவைத்துப் பெருக்குகிற அதே சரக்கு.

"இது மரத்தூளு" என்றேன்.

இரண்டு ஆண்களும் என் விரல்களைப் பார்த்தார்கள்.

"தேஞ்சுபோன பல்லு சத்தம் போடக் கூடாதுன்னு உள்ள அடைச்சு வச்சிருக்காங்க. எண்ணெயெல்லாம் தூளு குடிச்சிடும். பல்லுக்கு ஒண்ணும் போவாது. இத வித்த ஆளு உங்கள ஏமாத்தி இருக்காருங்க."

என் கணவர் பெட்டியைப் பார்த்தார், சொல்தாவைப் பார்த்தார். சொல்தாவுக்கு அது என்னவென்று தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒரு பெண் சொல்லித் தெரிந்துகொண்டதாக அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

"மரத்தூளுதான், எனக்குத் தெரியாதா?" என்றார் சொல்தா. "பிரான்சுல ஒசத்தி வண்டிக்கெல்லாம் தூளு போட்டுத்தான் வைப்பாங்க. சும்மா லாரிக்குத்தான் வெறும் எண்ணெ."

என் கணவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "தொரையே போட்டிருக்காருன்னா காரணம் இல்லாமலா போட்டிருப்பாரு?" என்றார்.

ஒரு வெள்ளைக்காரன் தன்னை ஏமாற்றினான் என்று ஏற்பதைவிட, மரத்தூள் ஒரு மருந்து என்று ஏற்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. பழைய தூள் அழுக்காகிவிட்டது, புதுத் தூள் போட்டால் சத்தம் போய்விடும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். போட்டார்கள். சத்தம் போய்விட்டது. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று என்னைப் பார்த்தார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் தூள் மாற்றுவது ஒரு வைபவமாயிற்று. பாகூர்த் தச்சர் கொடுத்த மாமரத் தூளை என் கணவர் திருப்பி அனுப்பினார். பலகைப் பெட்டி செய்கிற மரத்தின் தூளையா இந்த வண்டிக்குப் போடுவது என்று கேட்டார். வில்லியனூரில் தேர்ச் சக்கரம் செய்துகொண்டிருந்த ஆசாரிகளிடம் ஆள் அனுப்பி, நல்ல முதிர்ந்த மரத்தின் தூளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வரச்செய்தார். சொல்தா அதை மூக்கருகே பிடித்து முகர்ந்து, "இதான் சரக்கு" என்றார். எண்ணெய் வடிகட்ட என் மெல்லிய பழஞ்சேலைகள் போயின. கிளட்சில் தோல் வைத்துத் தைத்த ஒரு கூம்பு இருந்தது. தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க அதற்கு விளக்கெண்ணெய் தடவ வேண்டும். இது மட்டும் நிஜமான வைத்தியம். ஆனால் சொல்தா அளவு அறியாமல் தடவுவார். தோல் வழுக்கும், எஞ்சின் அலறும், வண்டி நகராது. உடனே நாமக்கட்டியைப் பொடித்துத் தோலின்மேல் தூவுவார். வண்டி மாடு மிரண்டதுபோலக் குதித்துக் கிளம்பும். எங்கள் வண்டிக்கு உள்ளே தேர்மரத் தூளும் நாமக்கட்டியும் இருந்தன. சூடம் காட்டாததுதான் பாக்கி.

வேலை நடக்கும்போது அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் வந்து சுற்றி நிற்பார்கள். என் கணவர் அவர்களுக்கு விளக்கம் சொல்வார். நிலத்தில் எத்தனை மடை என்று கேட்டால் கணக்குப்பிள்ளையைப் பார்க்கும் மனிதர், பல்சக்கரத்துக்கும் மரத்தூளுக்கும் உள்ள உறவைச் சரளமாகப் பேசுவார். அவர்களும் தலையாட்டுவார்கள். அவர் நிலத்தில் பயிர் வைப்பவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. அதற்குள் என் கணவருக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. பாகூர் கொம்யூனுக்குத் தலைவர், அதாவது மேர் ஆக வேண்டும். மேர் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் துரைகள் கண்ணில் பட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை மாதத்துக் கொடி விழாவுக்கு அந்த ஆண்டு டவுனில் இருந்து புதிதாக வந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் பாகூர் மேரிக்கு வந்து கொடியேற்றுவதாக இருந்தது. மேரி என்பது கொம்யூன் அலுவலகக் கட்டடம். தவளக்குப்பத்தில் அவரை எதிர்கொண்டு தன் வண்டியில் அழைத்துவரும் மரியாதையை என் கணவர் யார் யாரையோ பிடித்து வாங்கிவிட்டார். இரண்டு பேர் உட்காரும் வண்டி. எனவே சொல்தா காலையிலேயே கால்நடையாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து காத்திருந்தார். வழியில் துரை எங்கள் வீட்டில் இறங்கி இளநீர் குடிப்பதாக ஏற்பாடு.

வந்து சேர்ந்தார்கள். துரை ஒல்லியான மனிதர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கால் முகத்தில் இடிக்காமல் இறங்க வழி தேடினார். இளநீர் குடித்தார். ஊரே வாசலில் நின்றது. நான் கதவை ஒட்டி நின்றேன். துரை மறுபடி ஏறி உட்கார்ந்தார். என் கணவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அழுத்தமான கையால் முதல் கியரை அடித்தார்.

உள்ளே ஏதோ முறிந்தது. கரும்பு ஆலையில் கல் விழுந்ததுபோன்ற சத்தம். எஞ்சின் ஓடியது, வண்டி நின்றது. இரண்டாவதைப் போட்டார். ஒருமுறை உதறிவிட்டு எஞ்சினும் நின்றது. சொல்தா கைப்பிடியைச் சுற்றி மறுபடி எஞ்சினைக் கிளப்பினார். என் கணவர் கையில் அகப்பட்ட பக்கமெல்லாம் தள்ளினார். வண்டி சட்டென்று பின்னால் நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் சிதறினார்கள். பின்னால் போகும் கியரின் பல்சக்கரம் அதிகம் பயன்படாததால் அது பல்லோடு இருந்தது.

துரை இறங்கினார். அவருக்கு மோட்டார் தெரியும்போல. கோட்டைக் கழற்றி என் கணவரிடமே கொடுத்துவிட்டு, சொல்தாவிடம் மூடியைக் கழற்றச் சொன்னார். என் கணவர் கோட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார். மூடி திறந்ததும் துரை விரலை உள்ளே விட்டு எடுத்து, இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அதில் ஒரு சொல் இருமுறை வந்தது: வொலேர். அது எங்கள் கொம்யூனில் மாடு மேய்ப்பவருக்கும் தெரிந்த சொல். போலீஸ்காரர்கள் யாரைப் பிடித்தாலும் முதலில் சொல்வது அதுதான். திருடன்.

எனக்கு அந்தத் துரைமேலும் கோபம் வந்தது. திருடன் அவர் ஊர்க்காரன். வெட்கப்பட்டிருக்க வேண்டியவர் அவர். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா சொல்றாரு?" என் கணவர் சொல்தாவிடம் கேட்டார்.

சொல்தா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "தூளு ரொம்ப ஒசத்தியா கீதாம். இவ்ளோ நல்ல தூளு இந்த ஊர்ல எப்பிடிக் கெடச்சுதுன்னு ஆச்சரியப்படறாரு. கொஞ்சம் ஜாஸ்தியா பூட்டுட்டோமாம், அவ்ளோதான்."

கூட்டத்தில் இருந்து ஒருவர், "வொலேருன்னு காதுல உழுந்துதே" என்றார்.

"அது வேற வொலேரு. மோட்டார்ல அது ஒரு சாமான்" என்றார் சொல்தா.

என் கணவர் கோட்டோடு சேர்த்துக் கைகூப்பி, துரையைப் பார்த்து, "மெர்சி" என்றார். நன்றி என்பதற்கான அந்தச் சொல், அவருக்குத் தெரிந்த சில பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று. துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு கோட்டை வாங்கிக்கொண்டார்.

துரையை எங்கள் வில்வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அனுப்பச் சொன்னது நான்தான். என் கணவர் அந்த நேரத்தில் எதையும் சொல்லும் நிலையில் இல்லை. அதோடு அவரும் மாட்டு வண்டியில் பின்னால் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சொந்த மோட்டார் வைத்திருப்பவர் மாட்டு வண்டியில் போய் மேரியில் இறங்குவதா? வண்டியைத் திருப்பி, வாலைப் பாகூர் பக்கமாக வைத்து, கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்துக்கொண்டு, அவர் பின்னோக்கியே கிளம்பினார். சொல்தா கைகளை வீசி, எதிரே வருபவர்களை விலக்கிக்கொண்டு ஓடினார்.

"நில்லுங்க. கழுத்து புடிச்சுக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மூன்றாவது கியர் நன்றாகத்தான் இருந்தது என்று என் அப்பா பிற்பாடு பார்த்துச் சொன்னார். அதில் போட்டு ஆட்களை வைத்து நன்றாகத் தள்ளி ஓடவிட்டிருந்தால் முகத்தை முன்னால் வைத்தே போயிருக்கலாம். அந்தக் கியரை அதுவரை பயன்படுத்தாததால் அப்படி ஒன்று இருப்பதே இருவருக்கும் நினைவில்லை.

பாகூர் ஏரிக்கரை ஏற்றத்தில் கிளட்சுத் தோல் கருகிவிட்டது. அந்த நாற்றம் வயல்களில் நின்றவர்களுக்கும் வந்ததாம். வழியில் யாரோ அவிழ்த்துக் கொடுத்த உழவு மாடுகளைப் பூட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னோக்கி வந்த வண்டியை எந்தப் பக்கம் கயிறு கட்டி இழுப்பது என்பதில் ஒரு சர்ச்சை நடந்து, வாலில் கட்டியே இழுத்தார்கள். அவர் மேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கொடி ஏறி, பேச்சு முடிந்து, பிஸ்கோத்துத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். துரை அதற்குள் மரத்தூள் கதையை எல்லோருக்கும் சொல்லியிருந்தார். மேர் பட்டியல் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தொரைக்கு வண்டி ரொம்பப் புடிச்சுப் போச்சு" என்றார்.

நான் சோறு போட்டேன்.

அப்பா கடலூரில் இருந்து வந்து பார்த்தார். உடைந்த பல்சக்கரத்தைக் கொடுத்தால் கடலூர்ப் பட்டறையில் அதே அளவில் ஒன்று வெட்டித் தரச் சொல்வதாகச் சொன்னார். புது எண்ணெய், புதுத் தோல், தூள் இல்லாத பெட்டி. வண்டி கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டு ஒழுங்காக ஓடும். என் கணவர் மறுத்துவிட்டார். சக்கரத்தைச் சாவடியில் காட்டித்தான் எல்லையைத் தாண்ட வேண்டும். சாவடிக்காரன் என்ன, ஏது என்று கேட்பான். பிரெஞ்சு வண்டிக்கு இங்கிலீஷ்காரன் ஊரில் வைத்தியமா என்று சிரிப்பான். அவர் சொன்ன காரணம் அதுதான்.

பதிலாக, வண்டியை விற்க ஏற்பாடு செய்தார். வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு நிலக்காரர் இருந்தார். தூரத்து உறவு. இந்த வண்டி வந்த நாளில் இருந்து அதன்மேல் கண். துரை வைத்திருந்த வண்டி, புதுத் துரையும் ஏறிய வண்டி என்று என் கணவர் அவருக்குச் சொல்லி அனுப்பினார். புதுச்சேரியில் இருந்து பழைய பல்சக்கரம் ஒன்றை எப்படியோ தேடி வாங்கி, தேய்ந்ததோ ஒத்ததோ, மாட்டி, கிளட்சுக்கும் வேறு தோல் வைத்தார்கள். மூடியை மூடும் முன் என் கணவர் சொல்தாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கொட்டகையில் தவிடு எடுக்கப் போன நான் கேட்டேன்.

"சத்தம் வெளிய வரக் கூடாது. நல்லா அடைச்சுப் போடு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேற வொலேர் என்று எதுவும் இல்லை என்பது அவருக்கு அன்றே, வாசலில் நின்றபோதே தெரியும். அதுவரை அவரை அசடு என்று நினைத்திருந்தேன். அசட்டுத்தனத்தை மன்னிக்கலாம் என்றும் நினைத்திருந்தேன்.

வாங்க வந்தவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து இறங்கினார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"ஒரு வார்த்த. வாங்கறதுக்கு முன்னால கியர் பொட்டி மூடியத் தொறந்து பாத்துடுங்க" என்றேன்.

என் கணவர் வேறு பக்கம் பார்த்தார். சொல்தா பூட்சைப் பார்த்தார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாப்பா, ஒன் வூட்டுல பொம்பளைங்களே வண்டி ரிப்பேர் பாக்கறாங்களா?"

"அவங்கப்பா மில்லு வச்சிருக்காரு" என்றார் என் கணவர்.

"அதான பாத்தேன். குடுக்க மனசு வரல, அவங்களுக்கு" என்று மோரைக் குடித்து முடித்தார். அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூடியைத் திறக்கவில்லை. ஒரு பெண் சொன்னதால் திறக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை திறந்திருப்பார். கொஞ்ச நாளில் சொல்தாவும் அந்த வீட்டுக்கே வேலைக்குப் போய்விட்டார். வண்டியைப் பற்றி எந்தப் புகாரும் எங்களுக்கு வரவில்லை. புகார் சொன்னால் ஏமாந்தேன் என்று சொல்ல வேண்டுமே. அந்த மனிதரும் என் கணவரின் ஜாதிதான். நான் பிறப்பைச் சொல்லவில்லை.

நான் சொன்னதற்காக என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். வேண்டியதை வேலைக்காரரிடம் சொல்லி அனுப்புவார். பக்கத்தில் இருந்தே சொல்லி அனுப்புவார். மாடுகளைக் கொட்டகையில் பழைய இடத்தில் கட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த தரையைச் சாணமிட்டு மெழுகினேன். வீடு அந்த நாட்களில் அமைதியாக இருந்தது. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையைப் பார்த்தபடியே, அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னிடமே, "ரசத்துல உப்பு கம்மி" என்றார்.

நான் ருசி பார்த்துத்தான் இறக்கியிருந்தேன். உப்பு சரியாக இருந்தது. உப்புக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.